ஆம்பூருக்குத் தெரியாமல் ஒரு மின்னஞ்சல்

1

ஜெர்மனிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் முடிந்த நாள் அது. கொண்டாட வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே மதியம்தான் ஞாபகம் வந்தது. ஆபீஸ் சாப்பாட்டு அறையில் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். எதிரே நசீர் வந்து உட்கார்ந்தான்.

"இன்னாண்ணா, பாரீஸ் ட்ரிப்பா? திங்கக்கெழம போங்க. டிக்கெட்டு கம்மியா இருக்குது."

எடுத்த சோறு கையிலேயே நின்றது. பாரீஸ் போகலாமா என்று நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மனைவி கிரேஸிடம்கூட இல்லை. முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ரயில் டிக்கெட் விலையைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

"உனக்கு எப்டிடா தெரியும்?"

"லாக்ல வருதுண்ணா. யார் வூட்லேர்ந்து எந்த சைட்டுக்குப் போனாங்கன்னு வரிவரியா வரும். மேல் மாடி அக்கவுன்டன்ட் டெய்லி ராசிபலன் பாக்குறாரு, தெரியுமா?"

ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு எங்கள் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தைக்கிற ஷூவின் மேல்பாகங்களை வரவழைத்து, அடிப்பாகம் ஒட்டி விற்கிற கம்பெனி இது. வந்து இறங்கும் தோலின் நிறமும் மினுக்கும் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வேலை. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது வாணியம்பாடிக்காரன் நசீரின் வேலை. பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள்தான். கீழே ஆபீஸ், மேலே எங்கள் குடித்தனங்கள். இன்டர்நெட்டும் கீழேயிருந்துதான் மேலே வருகிறது, இலவசமாக. இத்தனை காலம் அதைப் பெரிய சலுகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மெயிலுமா தெரியும்?" என்றேன்.

"பாக்கணும்னு உக்காந்தா பாக்கலாம்ண்ணா. நான் அதெல்லாம் பாக்க மாட்டேன்" என்றான் நசீர். பொய் சொல்கிற பையன் இல்லை. ஆனால் அவனுடைய அண்ணன் ஆம்பூரில், என் தங்கச்சி புருஷன் சாமுவேல் வேலை செய்யும் அதே ஷூ ஃபேக்டரியில், அதே ஷிஃப்டில் இருக்கிறான். அண்ணனும் தம்பியும் தினம் ஃபோனில் பேசாமல் தூங்கமாட்டார்கள்.

அன்று தயிர்சாதம் இறங்கவில்லை. ஏனென்றால் அந்த வாரம்தான் எஸ்தரிடமிருந்து மெயில் வரவேண்டியிருந்தது.

2

எஸ்தர் என் ஒரே தங்கச்சி. ஆம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. இந்த ஒரு வரியை எழுதிவிட்டால் மீதியை நம்மவர்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள். வளைகாப்புக்கு அவளை அழைப்பார்கள், வளையல் போட மட்டும் கூப்பிடமாட்டார்கள். அவள் மாமியார் யார் வந்தாலும் முதலில் காபி கொடுப்பார், அடுத்து மருமகளின் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசுவார். கெட்ட மனுஷி இல்லை. பேரப்பிள்ளை ஆசை, வேறென்ன.

சாமுவேலும் தங்கமான பிள்ளை. எஸ்தருக்கு ஜுரம் என்றால் லீவு போட்டுக் கஞ்சி வைப்பான். ஆனால் அவன் அம்மா பேச ஆரம்பித்தால் மட்டும் வண்டி துடைக்க வாசலுக்குப் போய்விடுவான்.

ஆறு மாசத்துக்கு முன் இருவரும் வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனை செய்துகொண்டார்கள். எஸ்தரிடம் ஒரு கோளாறும் இல்லை. குறை சாமுவேலிடம். இதை அவள் என்னிடம் ஃபோனில் சொன்னதே போன வாரம்தான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாருண்ணா. அத்தைக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு எங்கனா போய்டுவேன்றாரு. அங்க இருக்கிற டாக்டர் யாராவது ஒரு தடவ பாத்து சொன்னா நல்லாருக்கும். அதுக்கு மட்டும் ஒத்துக்குனாரு."

"ரிப்போர்ட்ட அனுப்பு. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"ஆம்பூர்ல எந்தக் கடையில ஸ்கேன் பண்ணாலும் தெரிஞ்ச முகம்தாண்ணா. வேலூர் போய் அனுப்புறேன். அங்க ஜாக்கிரதையா தொறங்க."

நான் ஜாக்கிரதையாகத்தான் திறப்பேன். ஆனால் கீழே நசீரின் பெட்டி வரிவரியாக எழுதிக்கொண்டிருக்கிறதே! ஒரு பேச்சுக்கு அவன் அண்ணனிடம் சொன்னால் போதும். சாமுவேல் மறுநாள் காலை ஃபேக்டரி கேட்டுக்குள் நுழைவதற்கு முன் விஷயம் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

3

இந்த நாட்டுக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? மருந்துக் கடையில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். முன்னால் நிற்பவர் மருந்து வாங்கிப் போகும்வரை அடுத்தவர் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவருக்கு என்ன வியாதி என்று நம் காதில் விழக் கூடாதாம். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாவைப் புதுப்பிக்கப் போனால் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், சீட்டு எண்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நம் பெயர் தெரிந்துவிடக் கூடாதே! அதே அலுவலகத்தில் உள்ளே போனால் நம் படுக்கையறை எத்தனை சதுர மீட்டர் என்று கேட்பார்கள், அது வேறு கதை.

முதல் வருஷம் இதெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஆம்பூரில் எங்கள் தெரு கிளினிக்கில் கம்பவுண்டர் வாசலுக்கே வந்து, "பவுத்திரம் கேஸ் யாருப்பா? உள்ள வா" என்று கூவுவார். கூட்டமே திரும்பிப் பார்க்கும். அந்த நோயாளியும் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பரிசு வாங்கப் போகிறவரைப்போல் உள்ளே போவார். தொண்ணூற்றாறில் எனக்கு இந்த வேலை கிடைத்த செய்தியை எஸ்.டி.டி. பூத்தில்தான் கேட்டேன். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தாது. நான் வெளியே வருவதற்குள் காத்திருந்தவர்கள் கை குலுக்கினார்கள். கோட்டு வாங்க வேலூர் லாங் பஜாருக்குப் போனால், துணிக்கடைக்காரர், "ஜெர்மனிக்குப் போறவரு நீங்கதானா? குளுரு ஜாஸ்தியாமே" என்றார். அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அன்று அது பெருமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என்ன.

என் மகள் நிவேதா இந்த மண்ணில் வளர்ந்தவள், பதிமூன்று வயது. அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். தட்டாமல் திறந்தால், "அப்பா, ப்ளீஸ்! நான் உங்க ரூமுக்கு இப்டி வர்றேனா?" என்பாள். அவள் கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் உண்டு. "என்கிட்ட இன்னாடி ரகசியம்?" என்று கிரேஸ் கேட்டாள். "ரகசியம் ஒண்ணும் இல்லம்மா, ஆனா அது என்னோடது" என்றாள் பெண். பெற்றவளுக்குச் சுருக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கோபமும் வந்தது, அதற்குப் பதில் சொல்லத் தெரியாத எரிச்சலும் வந்தது.

எஸ்தர் அத்தை என்றால் யார் என்று அவளிடம் கேட்டேன். "டீச்சர் அத்தைதானே? ஃபோன்ல சத்தமா பேசுவாங்களே" என்றாள். அவ்வளவுதான் உறவு.

4

இணையத்தில் தேடினேன். வி.பி.என். என்று ஒன்று இருப்பதாகத் தெரிந்தது. பெரிய கம்பெனிகள் உபயோகிப்பது, இப்போது தனி ஆட்களுக்கும் விற்கிறார்கள். ஒரு தபால் அட்டையை உறைக்குள் போட்டு, வேற்றூர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் அங்கே உறையைப் பிரித்துத் தபாலில் சேர்ப்பதுபோல. இந்த மறைவு வழிக்குச் சுரங்கம் என்று பேராம். நடுவில் இருக்கும் நசீருக்கு உறை போகிறது என்று தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. அட, இது நமக்காகவே செய்ததுபோல் இருக்கிறதே என்று குஷி வந்துவிட்டது.

குஷி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. உறையைப் பிரிக்கிற அந்த வேற்றூர்க்காரர் படிக்கமாட்டார் என்று யார் சொன்னது? நசீரின் கண்ணை மறைத்து, முகமே தெரியாத ஒருவனின் கண்ணில் கொண்டுபோய் வைக்கிறேனா? இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. தோலைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதே பிழைப்பாகிப்போனவனுக்கு எதையும் மேல்பூச்சைப் பார்த்து வாங்க மனசு வராது.

இலவசமாகத் தருகிறவர்கள் முதலில் வந்தார்கள். இலவசமாகக் கொடுத்துவிட்டு அவர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள்? ஒருவன் நாம் பார்க்கும் பக்கங்களில் விளம்பரத்தைச் செருகுகிறானாம். அப்படியென்றால் நாம் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று அவனுக்குத் தெரியும்தானே! தள்ளிவிட்டேன். இன்னொருவன், "நாங்கள் எதையும் குறித்துவைப்பதில்லை" என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான். விதிமுறைகளைப் படித்தேன். அது முழுக்க ஜெர்மன், எனக்கு வருவதோ கடை ஜெர்மன். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் போனால், உள்ளே பதினேழாவது பத்தியில், யார் எப்போது எந்த முகவரியிலிருந்து வந்தார்கள் என்பதை வைத்துக்கொள்வோம் என்று இருக்கிறது. அடப்பாவி! வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று.

கிரேஸ் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள்.

"ஒரு மெயில் தொறக்கறதுக்கு இவ்ளோ பேஜாரா? பஸ் ஸ்டாப்பாண்ட இன்டர்நெட் கடை இருக்குதே, அங்க போய்ப் பாருங்களேன்."

"அவரு யாழ்ப்பாணத்துக்காரர். தமிழ் படிப்பாரு. என்னைப் பாத்தா பக்கத்துலயே வந்து உக்காந்து டீ கொடுப்பாரு."

"நல்லவருதானே?"

"நல்லவருன்றதுதான் பயமே" என்றேன். அவள் சிரித்துவிட்டு வேலைக்குப் போனாள்.

நானே சில கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவனாக வடிகட்டினேன். கம்பெனி எந்த நாட்டில் இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று பெயர் சொல்கிறானா? எதைக் குறித்துவைக்கிறான், எத்தனை நாள், என்பதை விதிமுறையிலேயே எழுதியிருக்கிறானா? எழுதிக் கேட்டால் மனிதன் பதில் போடுகிறானா, இல்லை யந்திரமா? நடுவில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்று பிறகுதான் புரிந்தது. அறுந்தால் கம்ப்யூட்டர் சத்தம் போடாமல் பழைய வழிக்கே போய்விடும். நாம் மறைவில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்போம். ஒரே ஒருவன், அறுந்தால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடும்படி அமைக்கலாம் என்று பதில் போட்டான். கூடவே, "எங்களை முழுதாக நம்பாதீர்கள், அந்தரங்கமான மெயில் என்றால் மெயில் பக்கமே பூட்டுக் குறியோடு திறக்கிறதா என்று பாருங்கள்" என்றும் எழுதியிருந்தான். தன் சரக்கின் குறையைத் தானே சொல்கிற வியாபாரியை வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அவனிடமே வாங்கினேன்.

முதல் தடவை போட்டுப் பார்த்தபோது நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லும் ஒரு பக்கத்தைத் திறந்தேன். ஆம்ஸ்டர்டாம் என்றது! சமையலறையில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறேன், உலகத்துக்கு நான் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறேன். குழந்தைபோல் மறுபடி மறுபடி அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அந்த ஜோரில் வங்கிக் கணக்கையும் திறந்துவிட்டேன். வங்கி பயந்துபோய்க் கணக்கைப் பூட்டிவிட்டது. ஃபோன் செய்து, எனக்குத் தெரிந்த ஜெர்மனில், "நான் ஆம்ஸ்டர்டாமில் இல்லை அம்மா, வீட்டில்தான், ஒரு சுரங்கத்துக்குள் இருக்கிறேன்" என்றேன். அந்தப் பெண், "உங்களுக்கு உதவி ஏதாவது தேவையா?" என்று மிகவும் மெதுவாகக் கேட்டாள். அறைக்குள்ளிருந்து நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதவைத் திறந்து வெளியே வந்து சிரித்தாள் என்பதால் எனக்கு அவமானம் தெரியவில்லை.

5

எஸ்தரின் மெயில் வந்தது. கதவைச் சாத்தி, சுரங்கத்தைப் போட்டு, பூட்டுக் குறியைப் பார்த்து, திறந்தேன். கிரேஸ் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு வருகிற டாக்டரின் மனைவியும் டாக்டர், குழந்தையின்மை வைத்தியத்தில் கைதேர்ந்தவர். அவரிடம் காட்டினோம். வேலூரில் சொன்னது அத்தனையும் சரி, அங்கேயே வைத்தியத்தைத் தொடரலாம், நம்பிக்கைக்கு இடம் கொஞ்சம் இருக்கிறது என்றார். எஸ்தருக்குச் சொன்னேன். "சரிண்ணா" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் குரலில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை.

ஆபீஸில் நசீர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"ண்ணா, உங்க வூட்டு லைன்ல இப்ப ஒண்ணுமே தெரில. எல்லாம் ஒரே எடத்துக்குப் போவுது, ஒரே எடத்துலேர்ந்து வருது. வூட்ல எதனா பிரச்சினையா?"

பாருங்கள் வேடிக்கையை! பாரீஸ், ராசிபலன் என்று எல்லாம் தெரிந்தவரை அவனுக்கு என்மேல் ஒரு அக்கறையும் இல்லை. மூடியதும் கவலை வந்துவிட்டது. "ஒண்ணும் இல்லப்பா, சும்மா கத்துக்கறேன்" என்றேன். "எனுக்கும் சொல்லிக்குடுங்கண்ணா" என்றான்.

6

ஒரு வெள்ளிக்கிழமை காலை, வந்த சரக்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது சாமுவேல் ஃபோன் செய்தான். ஃபேக்டரிக்கு வெளியே ரோட்டில் நின்று பேசுகிறான் என்று லாரிச் சத்தத்தில் தெரிந்தது.

"யார்கிட்ட மச்சான் சொன்னீங்க?"

"இன்னாது மாப்ள?"

"என் ரிப்போர்ட்டு. லைன்ல ரெண்டு பேர் வந்து தோள் மேல கைய வெச்சி, மனச வுட்டுறாதப்பான்றானுங்க. உங்க ஆபீஸ்லேர்ந்துதான் வந்திருக்குது. நசீர் அண்ணனும் அதுல ஒருத்தன். நான் எப்டி மச்சான் இனிமே உள்ள போவேன்?"

வைத்துவிட்டான். சுரங்கம் எங்கேயோ அறுந்திருக்கிறது என்று நினைத்தேன். நேராக நசீரின் அறைக்குப் போனேன்.

"உன்ன நம்பினேன்டா! என் மெயில பாத்தியா இல்லியா?"

"சத்தியமா இல்லண்ணா."

"அப்பறம் என் தங்கச்சி வூட்டு விஷயம் உன் அண்ணனுக்கு எப்டிடா தெரிஞ்சிது?"

"இன்னா விஷயம்ண்ணா?" என்றான். கண்ணில் கள்ளமே இல்லை. அந்தப் பையனுக்கு ஒன்றுமே தெரியாது. இன்னும் ஒரு நிமிஷம் கத்தியிருந்தால் நானே எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். "ஒண்ணும் இல்ல, மன்னிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் படியேறி வீட்டுக்கு வந்தேன். எஸ்தருக்குப் பள்ளிக்கூட இடைவேளை. உடனே எடுத்தாள்.

"எஸ்தர், எப்டியோ வெளிய போய்ட்ச்சிம்மா. எங்கேர்ந்து போச்சின்னு தெரில. நான் எல்லாம் சரியாத்தான் மூடினேன்..."

"நான்தாண்ணா சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள்.

ஆம்பூரில் எங்கள் திருச்சபையில் பெண்கள் ஐக்கியம் வியாழக்கிழமை சாயங்காலம் கூடும். பாட்டு முடிந்ததும் ஜெப விண்ணப்பம். எழுந்து நின்று, யாருக்காக ஜெபிக்க வேண்டும், எதற்காக என்று பேர் சொல்லிச் சொல்லவேண்டும். பையன் பரீட்சைக்கு, புருஷன் குடிக்கு, மருமகள் கர்ப்பத்துக்கு. சொன்னதும் எல்லோரும் கண்ணை மூடி, அந்தப் பேரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்பார்கள். கல்யாணமான வருஷத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் எஸ்தரின் மாமியார் எழுந்து நிற்பார். "எஸ்தரின் கர்ப்பத்தைக் கர்த்தர் திறக்கணும்." அறை முழுக்க அதையே சொல்லும். எஸ்தர் நடுவில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள்.

"நேத்தும் அத்தை எழுந்து நின்னாங்கண்ணா. என்னமோ எனக்கும் கால் தானா எழுந்துட்ச்சி. 'எனக்குக் கொறை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. என் வீட்டுக்காரருக்காகவும் ஜெபம் பண்ணுங்க'ன்னு சொன்னேன். அவ்ளோதான். அத்தை வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த பேசல. அவரும் சாப்புட்டு படுத்துட்டாரு. காத்தால நான் சொல்றதுக்குள்ள கெளம்பிப் போய்ட்டாரு. ஐக்கியத்துல பாதிப் பேரோட வீட்டுக்காரருங்க அதே ஃபேக்டரிதாண்ணா."

"ஏம்மா? இன்னாத்துக்கு? நான் இங்க எவ்ளோ கஷ்டப்பட்டு..." என்னையும் அறியாமல் குரல் உயர்ந்தது. "யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"அவரு சொல்லச் சொன்னாரு, சொன்னேன்." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "ண்ணா, ரிப்போர்ட்டு வந்து ஆறு மாசம். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆனாலும் வாராவாரம் என் பேரச் சொல்லித்தான் ஜெபம். அவரு ஒரு தடவ அம்மாகிட்ட வாயத் தொறந்தாரா? என் கர்ப்பப்பை ஊர் பூரா தெரிஞ்ச விஷயம்ண்ணா. அதுக்கு யாரும் பூட்டு தேடல. நீங்களும்தான். அவரோடதுன்னு ஆனதும்தான் எல்லாருக்கும் அது ரகசியமாய்ட்ச்சி."

நாள்கணக்கில் அத்தனை விதிமுறைகளைப் படித்தேன், யாரிடமிருந்து மறைக்கிறேன் என்று ஆயிரம் கேள்வி கேட்டேன். யாருக்காக மறைக்கிறேன் என்று ஒரு தடவை கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. என் தங்கச்சிமேல் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"மாப்ள இன்னா பண்ணுவான்னு பயமா இருக்குதும்மா" என்றேன்.

"எனக்கும்தாண்ணா" என்றாள். மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டாள்.

7

அந்த வாரம் முழுக்க நான் சரியாகத் தூங்கவில்லை. சாமுவேலுக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. இரண்டு நாள் அவன் வேலைக்குப் போகவில்லை என்றும், மூன்றாம் நாள் போனான் என்றும் எஸ்தர் சொன்னாள். அவளோடு பேசவில்லை, ஆனால் வீட்டை விட்டு எங்கேயும் போகவில்லை. மாமியாரோ சமையலறைக்கும் முற்றத்துக்குமாக நடந்தபடியே இருந்தாராம்.

அடுத்த வெள்ளிக்கிழமை எஸ்தரே கூப்பிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நேத்து ஐக்கியத்துக்குப் போனேண்ணா."

"போனியா? ஏம்மா இப்ப போய்..."

"போவாம இருந்தா நான் தப்பு பண்ண மாதிரி ஆய்டும்ல? போய் உக்காந்தேன். அத்தையும் வந்தாங்க. என் பக்கத்துல உக்காரல, முன்னாடி போய் உக்காந்துட்டாங்க. விண்ணப்பம் சொல்ற நேரம் வந்துச்சி. எழுந்து நின்னாங்க."

"இன்னா சொன்னாங்க?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. சும்மா நின்னாங்க. எல்லாரும் கண்ண மூடாம அவங்களையே பாத்துக்குனு இருந்தாங்க. அப்பறம் சொன்னாங்க." மூக்கைச் சிந்திவிட்டுத் தொடர்ந்தாள்.

"சாமுவேலுக்காகவும் எஸ்தருக்காகவும்னு சொன்னாங்கண்ணா. மொதல்ல அவர் பேரு. அதுக்கப்பறம்தான் என் பேரு."